பேடாக்குக்குள் ஓட்ட ஒரு சின்ன வண்டி: எதை வாங்கலாம், எதை விடலாம்

பந்தய நாளில் கார் தடத்தில் சுற்றுவதைவிட ஆட்கள் பேடாக்கில், அதாவது அணிகள் வேனையும் கூடாரத்தையும் போட்டு வேலை பார்க்கும் வளாகத்தில், சுற்றுவதுதான் அதிகம். டயர் மாட்டும் கூடாரம் ஒரு மூலையில், பெட்ரோல் வாங்கும் இடம் எதிர் மூலையில், கார் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்க்ரூட்டினி கொட்டகை நடுவில், சுற்று நேரங்கள் அச்சிட்ட டைமிங் ஷீட் தரும் அலுவலகம் மாடியில் என்று எல்லாம் சிதறிக் கிடக்கும். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடம் மாதிரி இடத்தில் பிட் வளாகமே இரண்டு: உட்கோட் வளைவுக்கும் காப்ஸ் வளைவுக்கும் நடுவே பழையது, கிளப்புக்கும் ஆபிக்கும் நடுவே 2011இல் திறந்த 'விங்'. காரை ஒன்றில் நிறுத்திவிட்டு, வேலை மற்றொன்றில் என்றால் நடந்து கட்டுப்படியாகாது. அடுத்த செஷனுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அதில் பதினைந்து நிமிடம் நடையிலேயே போய்விடும்.

இதற்காக வண்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எவ்வளவு வேகம் போகும், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர். பேடாக்கில் இவை இரண்டும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. நடை வேகத்துக்கு மேல் போக அனுமதியே இல்லாத இடத்தில் 45 கிமீ வேகம் போகும் வண்டியால் பயன் இல்லை. முதலில் பார்க்க வேண்டியவை வேறு: அந்தத் தடத்தில் இந்த வண்டியை விடுவார்களா, சக்கரம் எவ்வளவு பெரியது, உள்ளே காற்றா கட்டி ரப்பரா, வேனில் ஏற்ற எத்தனை பேர் வேண்டும். இந்த வரிசையில் பார்த்தால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

விதியைப் படித்துவிட்டு பணத்தை எடுங்கள்

ஒவ்வொரு போட்டிக்கும் துணை விதிகள், இறுதி அறிவிப்பு என்று காகிதம் வரும். அதில் பேடாக் வாகனம் பற்றி ஒரு பத்தி இருக்கும், பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வழக்கமாக அதில் இருப்பவை: ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும், ஹெல்மெட் வேண்டும், குறைந்தபட்ச வயது உண்டு, வண்டியில் அணியின் போட்டி எண் ஒட்டியிருக்க வேண்டும், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, பந்தயக் கார்கள் தடத்திலிருந்து வந்து நின்று போகும் பிட் லேனுக்குள் நுழையக் கூடாது. சில தடங்கள் பெட்ரோல் பிட் பைக்கை (பேடாக்கில் ஓட்டும் சின்ன மோட்டார் பைக்) விடும், மின் ஸ்கூட்டரைத் தடுக்கும். சில தடங்கள் நேர்மாறு. இன்னும் சில இடங்களில் மோட்டார் வைத்த எதுவும் கூடாது, மிதிவண்டி மட்டும் சரி.

பல விதிப் புத்தகங்களில் இன்னொன்றும் இருக்கும்: பேடாக் வண்டியை யார் ஓட்டினாலும் பொறுப்பு போட்டியில் பதிவு செய்தவருடையது. கூட வந்த பையன் பிட் பைக்கில் முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினால், விளக்கம் சொல்லப் போவது காரில் உட்காரப் போகிறவர். அதனால் சாவியை எங்கே வைப்பது, யார் ஓட்டலாம் என்பதை வெள்ளிக்கிழமையே அணிக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

முகாமிடும் இடம் பேடாக்குக்கு வெளியே இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நடுவில் பொதுச் சாலை ஒரு நூறு மீட்டர் வந்தாலும் அது பொதுச் சாலைதான். பதிவெண் இல்லாத பிட் பைக்கை அங்கே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

தரையைப் பாருங்கள்

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பேடாக் தரையில் உண்மையில் கிடப்பவை: லாக்வயரின் (திருகாணி கழலாமல் கட்டும் மெல்லிய கம்பி) வெட்டிய துண்டுகள், கத்தி முனை போல நறுக்கிய கேபிள் டை, ரிவெட்டின் உடைந்த தண்டு, டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் உருண்டை, கூலன்ட் திட்டு, எண்ணெய். குறுக்கே காற்று ஹோஸ், மின் கேபிள், அதை மூடும் ரப்பர் மேடு, வடிகால் கம்பி வலை. லாக்வயர் துண்டு ஆணியைவிட மோசம். மெல்லியதாக இருப்பதால் டயருக்குள் போனது தெரியாது, மெதுவாகக் காற்று இறங்கும், மறுநாள் காலையில்தான் தெரியும்.

சக்கர அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. தரையில் 25 மிமீ உயரத்தில் ஒரு கேபிள் கிடக்கிறது. நின்ற நிலையிலிருந்து அதன் மேல் ஏற, கடினமான சக்கரத்துக்கு அதன் மேல் இருக்கும் எடையில் எத்தனை பங்கு கிடைமட்ட விசை வேண்டும் என்று பார்த்தால்: 8.5 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 83 சதவீதம், 10 அங்குலத்துக்கு 74, 16 அங்குலத்துக்கு 55, 20 அங்குலத்துக்கு 48. காற்றுள்ள டயர் அமுங்கிக் கொடுப்பதால் நடைமுறையில் எல்லாமே சற்றுக் குறையும், ஆனால் வரிசை மாறாது. ஓடும்போது இதே எண்கள்தான் கைப்பிடியில் அடியாக வந்து இறங்கும். பாரம் முன்பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில், அதாவது பிரேக் பிடித்துக்கொண்டே கேபிளில் ஏறும்போது, சின்னச் சக்கர ஸ்கூட்டர் ஆளை முன்னால் எறிந்துவிடும். பேடாக்கில் மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். கேபிளுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, எடையைப் பின்காலுக்கு மாற்றி, சக்கரம் கேபிளுக்குச் செங்குத்தாக வரும்படி ஏற வேண்டும். சாய்வாக ஏறினால் சக்கரம் கேபிளோடு வழுக்கி ஓடும்.

கட்டி ரப்பர் டயர் பஞ்சர் ஆகாது என்று ஆசைப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. பஞ்சர் ஆகாதது உண்மைதான். ஆனால் அதிர்வு முழுவதும் வண்டிக்குப் போகும், கைப்பிடித் தண்டின் மடிப்புக் கொக்கி ஆட்டம் கொடுக்கும், திருகாணிகள் கழலும். ஈரமான பெயின்ட் கோட்டில் பிடிப்பும் குறைவு. பேடாக்கில் பெயின்ட் கோடுகளுக்குப் பஞ்சமே இல்லை. காற்று டயரே வாங்குங்கள், பஞ்சர் அடைக்கும் திரவத்தை முதல் நாளே உள்ளே ஊற்றிவிடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு ஊற்றுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

காற்று அடிப்பதில் ஒரு விஷயம். பிட்டில் கம்ப்ரசர் இருக்கிறது என்று அதன் துப்பாக்கியை ஸ்கூட்டர் டயரில் வைக்காதீர்கள். முதலில், சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் இடத்தை அடைத்துக்கொள்வதால் துப்பாக்கியின் தலை வால்வில் நேராக உட்காராது, 90 டிகிரி வளைந்த நீட்டிப்பு ஒன்று வேண்டும். இரண்டாவது, இவ்வளவு சின்ன டயரில் காற்றின் கொள்ளளவு மிகக் குறைவு. விசையை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலே அளவைத் தாண்டிவிடும். கைப் பம்பு போதும். அழுத்தம் டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், அதற்குக் கீழே ஓட்டினால் வடிகால் வலையின் விளிம்பில் ட்யூப் நசுங்கி இரட்டைப் பல் கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும்.

நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டர்

இரண்டு முதல் ஐந்து பேர் உள்ள அணிக்கு, தார் அல்லது கான்கிரீட் போட்ட பேடாக்குக்கு, எங்கள் தேர்வு இதுதான். நாள் முழுவதும் நூறு மீட்டர் போவது, நிற்பது, இறங்குவது, ஏறுவது என்று இருக்கும் வேலைக்கு உட்காரும் இருக்கை உண்மையில் தொந்தரவு. நின்றபடி ஓட்டினால் ஒரு அடியில் இறங்கிவிடலாம், கூட்டத்தின் தலைக்கு மேலே பார்க்கலாம்.

இந்த வகையில் செக்வே நைன்பாட் மேக்ஸ் ஜி30 இன்றும் பேடாக்குக்கு ஏற்ற வண்டி. காரணம் அதன் 551 வாட்-ஹவர் பேட்டரி அல்ல. 10 அங்குல ட்யூப்லெஸ் டயர், பின்சக்கர மோட்டார், முன்னால் டிரம் பிரேக் ஆகிய மூன்றும்தான். தூசியும் ரப்பர் உருண்டையும் கிடக்கும் தரையில் முன்சக்கர மோட்டார் கிளம்பும்போது சுழன்று வழுக்கும், பின்சக்கர மோட்டாருக்கு ஆளின் எடை மேலே இருப்பதால் பிடித்துக்கொள்ளும். டிரம் பிரேக் மூடியிருப்பதால் பிரேக் தூசியோ எண்ணெயோ உள்ளே போகாது, வேனில் ஜாக் அதன் மேல் சாய்ந்தாலும் வளையாது. டிஸ்க் பிரேக் வைத்த ஸ்கூட்டர்கள் வேனிலிருந்து இறங்கும்போது டிஸ்க் வளைந்து 'சர்க் சர்க்' என்று உரசிக்கொண்டே வருவது வழக்கமான காட்சி. சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருப்பது இன்னொரு நிம்மதி. மின் கம்பி ஒன்று மட்டும் போதும், தொலைந்தால் வேறு கம்பி கடன் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. சஸ்பென்ஷன் கிடையாது. எடை 19 கிலோவுக்கு அருகில், ஒருவர் தூக்கலாம், ஆனால் மாடிப்படியில் தினமும் தூக்க முடியாது. மடித்தாலும் நீளம் 1,167 மிமீ அப்படியே இருக்கும், கைப்பிடி மடங்காது, 472 மிமீ அகலமும் குறையாது. வேனில் கருவிப் பெட்டிக்கும் டயர் அடுக்குக்கும் நடுவே இந்த அளவில் இடம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டயரின் பக்கச்சுவர் மிக விறைப்பு, களத்தில் வைத்து மாற்றுவது லேசான வேலை அல்ல.

ஷாவோமி எம்365 வகை வண்டிகள் 12.5 கிலோதான், தூக்க இனிமை. ஆனால் 8.5 அங்குல ட்யூப் டயர், முன்சக்கர மோட்டார், பின்னால் டிஸ்க். மேலே சொன்ன மூன்றிலும் நேர் எதிர்ப் பக்கம். வழவழப்பான காரேஜ் வரிசைக்குள் மட்டும் ஓட்டுவதானால் சரி. கேபிளும் வலையும் உள்ள இடத்தில் ட்யூப் மாற்றியே அலுத்துப்போகும், அந்த டயர் ரிம்மில் அவ்வளவு இறுக்கம்.

ரேஞ்ச் பற்றி ஒரே ஒரு கணக்கு போதும். அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டத்தில் ஒரு பெரியவருக்குக் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 280 வாட்-ஹவர் பேட்டரியில் 19 முதல் 23 கிமீ, 551இல் 37 முதல் 46 கிமீ. விளம்பரத்தில் வரும் எண்கள் இதைவிடப் பெரியவை, அவை மெதுவாக, ஒரே சீராக, எடை குறைந்தவர் ஓட்டியவை. ஒருவர் பேடாக்கில் ஒரு நாளில் 20 கிமீக்கு மேல் ஓட்டுவது அபூர்வம். மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் அணிக்குத்தான் பெரிய பேட்டரி தேவைப்படும்.

ஹோண்டா மோட்டோகாம்பாக்டோ

பெட்டி போல மடங்கும் இந்த மின் வண்டியைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடும். 1981இல் ஹோண்டா சிட்டி காரின் டிக்கியில் மடித்து வைக்கும்படி வந்த 49 சிசி மோட்டோகாம்போவின் வாரிசு, 2023இல் அமெரிக்கச் சந்தைக்காக அறிமுகமானது. மடித்தால் 742 × 536 × 94 மிமீ. அந்த 94 மிமீதான் இதன் உண்மையான பெருமை: வேனின் சுவருக்கும் டயர் அடுக்குக்கும் இடையே செருகிவிடலாம், சார்ஜரும் உடலுக்குள்ளேயே போய்விடும். எடை 18.7 கிலோ. உட்கார்ந்து ஓட்டுவதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் இது ஆறுதல்.

ஆனால் மோட்டார் முன்சக்கரத்தில், எடை பின்னால். உட்கார்ந்த ஆளின் பாரம் பின்சக்கரத்துக்கு மேல் விழுவதால் ஈரத் தரையில் கிளம்பும்போது முன்சக்கரம் சுழலும். பிரேக் பின்னால் மட்டும். சொல்லப்பட்ட ரேஞ்ச் 19 கிமீ, அதையும் பேடாக் ஓட்டத்தில் முழுதாக எதிர்பார்க்கக் கூடாது. முழுச் சார்ஜுக்கு மூன்றரை மணி நேரம், மதிய இடைவேளையில் சொருகினால் மாலைக்குத் தாங்கும். உயரமானவர்களுக்கு முழங்கால் கைப்பிடியைத் தொடும். இடம் மிகக் குறைவாக உள்ள, காரை ஓட்டிக்கொண்டே வந்து போட்டியில் கலந்துகொள்ளும் தனி ஆளுக்கு இது நல்ல வண்டி. ஓர் அணியின் வேலைக் குதிரையாக எடுத்தால் ஏமாற்றம்தான்.

பெட்ரோல் பிட் பைக்

பிட் பைக் என்ற பழக்கத்துக்கே வேர் ஹோண்டா மங்கிதான். 1961இல் டாமா டெக் கேளிக்கைப் பூங்காவுக்காகச் செய்த இசட்100, பிறகு 1967இல் கைப்பிடி மடங்கும் இசட்50எம். இன்றைய 125 சிசி மங்கி அந்தப் பெயரைத் தாங்கினாலும் மடங்காது, எடையும் நூறு கிலோவைத் தாண்டும். ஹோண்டாவின் 103 கிலோ க்ரோம் பைக்கும் அதே கதை. இரண்டும் அருமையான பைக்குகள், ஆனால் சாய்வுப் பலகை வேண்டும், நான்கு இடத்தில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், டிரெய்லரில் முன்பக்கம் வைத்தால் கொக்கியின் மேல் பாரம் ஏறும். பதிவெண் உள்ள வண்டி என்பதால் தடத்துக்கு வெளியே பெட்ரோல் பங்க் வரை, உதிரிபாகக் கடை வரை போய்வரலாம். அந்தத் தேவை இருக்கும் அணி மட்டும் இவற்றைப் பார்க்கலாம்.

புல்வெளி, சரளை, சேறு, ஏற்ற இறக்கம் உள்ள பேடாக் என்றால் நிலைமை மாறும். அங்கே 10 அங்குல ஸ்கூட்டர் திணறும், பெட்ரோல் பிட் பைக் ராஜா. இங்கே ஹோண்டாவின் சிஆர்எஃப்110எஃப் சரியான அளவு: 109 சிசி, நான்கு கியர், ஆட்டோ கிளட்ச், செல்ஃப் ஸ்டார்ட், 658 மிமீ இருக்கை உயரம், 77 கிலோ. 2019 முதல் எரிபொருள் இன்ஜெக்‌ஷன். பேடாக் வண்டிக்கு இந்தக் கடைசி விஷயம் பெரியது, காரணம் கீழே. இருவர் சேர்ந்தால் பலகை இல்லாமலே வேனில் தூக்கி வைத்துவிடலாம்.

சிஆர்எஃப்50எஃப் பார்க்கச் சின்னதாக, 50 கிலோவில், மலிவாக இருப்பதால் பலர் அதற்குப் போகிறார்கள். அது குழந்தை வண்டி, தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பே 40 கிலோதான். 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அடித்தட்டும், முழங்கால் கைப்பிடியில் இடிக்கும், மொத்தப் பாரமும் பின் அச்சுக்குப் பின்னால் போய் லேசாக முறுக்கினாலே முன்சக்கரம் தூக்கும். பெரியவர்களுக்கென்று ஸ்பிரிங், உயரமான கைப்பிடி, இருக்கை எல்லாம் மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் அவ்வளவையும் மாற்றிய பிறகு 110ஐ வாங்கியிருக்கலாம் என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்போம்.

பெட்ரோல் பிட் பைக்கில் கெடுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், கார்புரேட்டர் (இன்ஜெக்‌ஷன் வண்டியில் இது கிடையாது). ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு வாரம் வண்டி சும்மா கிடக்கும். மிதவைக் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஊசித் துளையை அடைத்துவிடும். அறிகுறி: சோக் போட்டால் ஓடும், எடுத்தால் அணையும், ஐட்லிங் நிற்காது. தடுப்பது எளிது. போட்டி முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடுங்கள், கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தைச் சின்னப் பாத்திரத்தில் பிடியுங்கள், திருகை இறுக்குங்கள். இதை வேனில் ஏற்றும் முன் செய்தால் இன்னொரு நன்மை: வண்டி சாய்ந்து விழுந்தாலும் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஒழுகி, தூங்கும் பைகளும் பந்தய உடையும் நாறாது.

எந்தப் பெட்ரோல் ஊற்றுவது என்பதில் கவனம். காருக்கு 98 ஆக்டேன் வைத்திருந்தால் அதையே ஊற்றலாம், வீண் செலவு மட்டும்தான். கார் ஈ85இலோ (பெரும்பகுதி எத்தனால் கலந்த எரிபொருள்) மெத்தனாலிலோ ஓடினால் அது பிட் பைக்குக்குக் கூடாது. கலவை மிகவும் மெலிந்து எஞ்சின் ஓடாது, ரப்பர் பாகங்களும் ஊறிப்போகும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த கேன் இன்னொரு குழப்பம். பிட் பைக்கின் கேனுக்கு வேறு நிறம், பெரிய எழுத்தில் பெயர். மூடியிலும் எழுதுங்கள், மூடிகள் மாறும்.

காரேஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கதவு மூடிய காரேஜில் கார்பன் மோனாக்சைடு சேர்வதற்குச் சின்ன எஞ்சினே போதும். நிறுத்தும்போது சூடான சைலன்சர் டயர் உறைக்கோ கூடாரத் துணிக்கோ தொடாத பக்கம் இருக்கட்டும்.

மிதிவண்டி

எந்த விதியிலும் அநேகமாகத் தப்பிப் பிழைப்பது இதுதான். சார்ஜ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், இரவு எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற கட்டுப்பாடும் பாதிக்காது. மாலையில் தடத்தைச் சுற்றிப்பார்க்க அனுமதிக்கும்போது, வளைவின் உள்விளிம்பில் நின்று கெர்பின் (தடத்தின் ஓரத் திட்டு) உயரத்தைப் பார்க்க இதைவிட வசதியானது இல்லை. பெல்ஜியத்தின் ஸ்பா மாதிரி 7 கிமீ தடத்தை நடந்து சுற்ற ஒன்றரை மணி நேரம் ஆகும், மிதிவண்டியில் அரை மணி.

இடம் பிரச்சினை என்றால் ப்ராம்ப்டன் மடிப்பு மிதிவண்டி: 16 அங்குலச் சக்கரம், மடித்தால் தடிமன் 270 மிமீ. மடிப்பு கச்சிதமானது, சங்கிலி உள்பக்கம் மறைவதால் பந்தய உடையில் கிரீஸ் படாது. இடம் இருந்தால் 20 அங்குல பிஎம்எக்ஸ் இன்னும் முரட்டுத்தனமாகத் தாங்கும், ஒற்றை கியர், உடைய ஒன்றுமே இல்லை. தனியாக வருபவர், பணம் பார்த்துச் செலவழிப்பவர், அடிக்கடி வேறு வேறு தடங்களுக்குப் போகிறவர் ஆகியோருக்கு ஸ்கூட்டரைவிட இதையே சொல்வோம்.

மற்றவை

ஹோவர்போர்டு வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயத்தால் 2016 ஜூலையில் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் யுஎல் 2272 தரச் சான்றுடன் வருபவை பாதுகாப்பானவைதான், ஆனாலும் 6.5 அங்குலச் சக்கரம், கைப்பிடி இல்லாத வண்டி, தரையில் கேபிள் என்ற மூன்றும் சேர்ந்து ஒத்துவராது. ஒற்றைச் சக்கர மின் வண்டியும் கூட்டத்துக்குள் வேண்டாம். கோல்ஃப் கார்ட் பெரிய அணிக்கு, அதையும் தடத்திலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது.

சுமை

இருபது லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 15 கிலோ, கேனோடு இன்னும் கூடும். அதை ஸ்கூட்டரின் கைப்பிடியில் மாட்டினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். எரிபொருளை இப்படித் தூக்கிப்போவதை விதியும் அனுமதிக்காது. சக்கரமும் டயரும் அப்படியே, ஒரு தோளில் 20 கிலோ சக்கரம் மாட்டி ஓட்டுவதைப் பார்க்கவே பயமாக இருக்கும். இவற்றுக்கு நான்கு சக்கரக் கைவண்டி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், காற்று டயர் வைத்தது. அதை ஸ்கூட்டரின் பின்னால் கட்டி இழுக்காதீர்கள், நிற்கும்போது பாரம் பின்னாலிருந்து தள்ளும், ஸ்கூட்டரின் பிரேக் அதற்காகச் செய்ததல்ல. முதுகுப்பையில் டார்க் ரெஞ்ச், லேப்டாப், டைமிங் ஷீட் அளவுக்குச் சரி.

ஓட்டுநர்களுக்கு ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. ஸ்கூட்டர் மேடையில் மெக்கானிக்கின் காலணியிலிருந்து எண்ணெய் படிந்திருக்கும். பந்தயக் காலணியோடு அதில் நின்று வந்து நேராகக் காரில் உட்கார்ந்தால், அந்த எண்ணெய் பிரேக் பெடலுக்குப் போகும். மேடையின் ரப்பரைத் தினமும் காலையில் சோப்பு நீரில் துடையுங்கள். காரில் ஏறும் முன் காலணியின் அடியைத் துணியில் தேய்த்துவிடுங்கள்.

ஹெல்மெட்டும் அப்படியே. பந்தய ஹெல்மெட்டை ஸ்கூட்டருக்குப் போடாதீர்கள். பேடாக்கில் விழுந்து ஒரு அடி பட்டால் உள்ளிருக்கும் நுரை அமுங்கியிருக்கும், வெளியே தெரியாது, அதே ஹெல்மெட்டோடு தடத்தில் இறங்க நேரும். சான்று பெற்ற எளிய ஹெல்மெட் ஒன்று வண்டியோடு தொங்கட்டும்.

சார்ஜ்

காரேஜில் பெட்ரோல் இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தங்கும். சார்ஜரைச் சொருகும்போது வரும் சின்னப் பொறியும் தரை மட்டத்தில்தான். ஆகவே கேன் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, திறந்த பக்கத்தில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். இரவில் சொருகிவிட்டுத் தூங்கப் போக வேண்டாம், தூங்கும் வேனுக்குள் சார்ஜ் செய்யவே வேண்டாம். மின்சாரம் இழுப்பது மிகக் குறைவு, 42 வோல்ட் 1.7 ஆம்பியர் சார்ஜர் என்றால் வெளியே தருவது 71 வாட்தான். எந்தச் சின்ன ஜெனரேட்டரும் தாங்கும்.

மழையில் ஓட்டினால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி மூடியிருக்கிறதா பாருங்கள், உலரும்வரை சொருகாதீர்கள். காரைக் கழுவும் அழுத்த நீரை ஸ்கூட்டரின் மேல் திருப்பக் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும், குளிர்கால டெஸ்டில் முதலில் வண்டியை உள்ளே வைத்துச் சூடேற விடுங்கள்.

சீசன் முடிந்து வைக்கும்போது பாதி சார்ஜில் வையுங்கள். காலியாக வைத்தால் பேட்டரியின் கண்காணிப்புப் பலகை மெல்ல மெல்ல உறிஞ்சி, செல்லின் வோல்டேஜ் வரம்புக்குக் கீழே போய், பிறகு சார்ஜையே ஏற்க மறுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சற்று ஏற்றினால் போதும்.

பழையது வாங்கினால்

ஸ்கூட்டர் என்றால் கைப்பிடித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், மடிப்பில் 'டக்' என்ற ஆட்டம் வந்தால் கொக்கியின் துளை தேய்ந்திருக்கிறது. மேடையைத் தலைகீழாகத் திருப்பி அடித்தகடு நெளிந்திருக்கிறதா, திருகாணிகள் மாறியிருக்கின்றனவா பாருங்கள். நெளிந்த தகடுக்கு நேர் மேலே இருப்பது பேட்டரி, அப்படிப்பட்ட வண்டியை வாங்காமல் விட்டுவிடுங்கள். முழுச் சார்ஜில் நூறு மீட்டர் முழு முறுக்கில் ஓட்டும்போது சார்ஜ் அளவு திடீரென்று பாதிக்குச் சரிந்து, நின்றதும் மீண்டும் ஏறினால் செல்கள் களைத்துவிட்டன. மோட்டாரைக் கையால் சுற்றினால் அரைக்கும் சத்தம் வரக் கூடாது.

பெட்ரோல் வண்டி என்றால் வரும் முன்பே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில், சோக் போட்டு, மூன்று உதைக்குள் பிடிக்க வேண்டும், இரண்டு நிமிடத்தில் சோக் எடுத்ததும் நிற்காமல் ஓட வேண்டும். ஆட்டோ கிளட்ச் உள்ளதில் முதல் கியரில் முறுக்காமல் விட்டால் நகரக் கூடாது. நகர்ந்தால் ஐட்லிங் அதிகம் அல்லது கிளட்ச் இழுக்கிறது. ஐட்லிங்கைத் திருகிக் குறைத்தும் நகர்ந்தால் கிளட்ச்தான், அந்த வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.